மாமனாரின் நெகட்டிவ் டின்கள்: முதலில் ஸ்கேனா, முதலில் பெயரா?

சாட்ஸ்வொர்த் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனார் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். ஐம்பதுகளின் கடைசியில் ஆரம்பித்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை. கொஞ்ச காலம் சம்பளத்துக்கு, மற்றபடி படத்துக்கு இத்தனை என்று கூலிக்கு. ஓய்ந்த நேரத்தில் கல்யாணம், காவடி, பள்ளிக்கூட ஆண்டுவிழா. போன வருஷம் காலமானார். போன மாதம் கராஜைச் சுத்தம் செய்தபோது ஆறு பிஸ்கட் டின், பதினொரு செருப்புப் பெட்டி, ஒரு பழைய தோல் சூட்கேஸ் கிடைத்தன, அத்தனையிலும் நெகட்டிவ். குத்துமதிப்பாக எண்ணிப் பார்த்ததில் ஒன்பதாயிரம் படம் தேறும் போலிருக்கிறது.

ஒரு டின்னைத் திறந்தேன், ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி புளிப்பு நெடி மூக்கில் ஏறியது. இரண்டு செருப்புப் பெட்டி 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கூரை ஒழுகி நனைந்தவை, அதில் சில சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வரவில்லை. என் கணவர் கடையில் கொடுத்து மொத்தத்தையும் பென்டிரைவில் ஏற்றிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. நான் கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தவள், படத்தில் இருக்கிற ஒரு முகமும் எனக்குத் தெரியாது. எங்கே தொடங்குவது?

இருட்டறை

அம்மா, முதல் வேலை அந்தப் புளிப்பு டின்னை மற்ற டின்களிடமிருந்து பிரித்து வைப்பது. இன்றைக்கே செய்யுங்கள், மற்றதை நாளை யோசிக்கலாம்.

அந்த நெடி அசிட்டிக் அமிலம், நம் வீட்டு வினிகரேதான். அந்தக் காலத்து பிலிமின் அடித்தளம் அசிட்டேட் என்கிற ஒரு பிளாஸ்டிக். ஈரமும் வெக்கையும் பட்டால் அது சிதையும், சிதையும்போது அமிலம் வெளியே வரும், அந்த அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டிவிடும். மூடிய டின்னில் அந்தக் காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், டர்பன் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். பிலிம் சுருங்கும், வளையும், கடைசியில் மேலே படம் பதிந்திருக்கிற ஜெலட்டின் படலம் சுருங்க இடமில்லாமல் வாய்க்கால் வாய்க்காலாக எழும்பிவிடும். அந்த நிலைக்குப் போனதைச் சாதாரண ஸ்கேனரில் வைத்து எடுக்க முடியாது. ஆகவே நெடி அடிப்பவை ஸ்கேன் வரிசையில் முதலில். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனைத் தாள் விற்கிறார்கள், பெட்டிக்குள் போட்டு வைத்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். மஞ்சளானால் அவசரம்.

சூட்கேஸில் இருப்பது யாருடைய பிலிம் என்று பாருங்கள். 1951-க்கு முந்தையதாக இருந்தால் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம், அது தீப்பிடிக்கும் சாமான். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

ஒட்டிக்கொண்டதைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரிலும் போடாதீர்கள். பூஞ்சை ஜெலட்டினைத் தின்றிருக்கும், தின்ற இடம் தண்ணீரில் கரையும், படம் அப்படியே வழிந்து போய்விடும்.

ஃபீனிக்ஸ்காரன்

கடையில் கொடுக்கிறதைப் பற்றி நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், என் வயிற்றெரிச்சல்.

என் சித்தப்பாவும் இப்படித்தான், கோயில் விழா, கால்பந்து, சங்கக் கூட்டம் என்று எடுத்துத் தள்ளியவர். நானூறு நெகட்டிவ் துண்டு இருந்தது. ஊரில் ஒரு கடை, பெயர் வேண்டாம், மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். நல்ல பிளாஸ்டிக் உறையில் அழகாக வரிசையாகப் போட்டு, சிடியும் கொடுத்தார்கள். நான் பூரித்துப் போனேன். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பழைய காகித உறை ஒன்றைக்கூடக் காணோம். போன் போட்டுக் கேட்டால், 'அந்தக் குப்பையா, தூக்கிப் போட்டுவிட்டோம் சார், எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது' என்கிறார் அந்தப் பையன், அதுவும் உதவி செய்த குரலில்.

சித்தப்பா ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் தேதி, இடம், ஆட்கள் பெயர், எந்தப் பத்திரிகைக்கு என்று எழுதி வைத்திருந்தார். அத்தனையும் போயிற்று. இப்போது என்னிடம் ரொம்பத் தெளிவான நானூறு துண்டு இருக்கிறது, யார் எவர் என்று ஒன்றும் தெரியாது. சிடியில் இருந்ததும் சின்னச் சின்ன ஜேபெக், பெரிதாக்கினால் முகம் பொங்கல் மாதிரி குழைகிறது.

டோங்காட் டீச்சர்

ஃபீனிக்ஸ் தம்பி சொன்னதுதான் முக்கால்வாசி விஷயம். மருமகளே, ஸ்கேனைப் பற்றி இந்தப் பிள்ளைகள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள், ஆனால் அதைப் பிறகு செய். முதலில் பெயர்.

பிலிம் இன்னும் பத்து வருஷம் குளிரில் கிடக்கும். அந்தப் படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த ஆட்களுக்கு இப்போது எண்பத்தைந்து, தொண்ணூறு வயது. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் நான் மூன்று சாவுக்குப் போய்வந்தேன். மூன்று பேரும் பழைய படத்தைக் காட்டினால் 'இது இன்னார் வீட்டுக் கல்யாணம், அந்தச் சேலை என் அக்காவுடையது' என்று சொல்லக்கூடியவர்கள்.

இன்னொன்று. இந்தப் படங்களில் தமிழ் எழுத்து இருக்கும். கல்யாணப் பந்தல் முகப்பு, நாடக விளம்பரம், கோயில் கல்வெட்டு, வாத்தியார் பின்னால் இருக்கிற கரும்பலகை. பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் தங்கமானவர்கள்தான், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. 'கோயில் விழா, இந்தியர் கூட்டம்' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். பின்னால் தொங்குகிற துணியில் சங்கத்தின் பெயரும் வருஷமும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கிற வேலையை இந்த நாட்டில் நம்மைப் போல விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் செய்ய முடியும்.

இருட்டறை

டீச்சரம்மா, பெயர் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் 'பிலிம் பத்து வருஷம் குளிரில் கிடக்கும்' என்பது குளிரில் வைத்தால்தான். அவர்கள் கராஜில் வைத்திருக்கிறார்கள், கல்நார் ஓடு போட்ட கராஜ் என்று நினைக்கிறேன், இங்கே ஜனவரிதான் கோடை, உள்ளே இட்லி வேகும்.

நெடி அடிப்பதை ஜிப் போட்ட உறைக்குள் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் போட்டு, நடுவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்க அறைச்சூட்டுக்கு வரும் வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் வியர்த்துவிடும்.

ஃபீனிக்ஸ்காரன்

லோட்ஷெடிங் திரும்ப வந்தால்?

இருட்டறை

இரட்டை உறை அதற்காகத்தான். நாலைந்து மணி நேரம் கரண்ட் போனால் நிறைந்த ஃபிரீசர் தாங்கும். மீன் வைக்கிற பெட்டியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஜோபர்க் குமாஸ்தா

நான் வக்கீல் இல்லை, வக்கீல் அலுவலகத்தில் இருபது வருஷம் பேப்பர் தூக்கியவன். உரிமை பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

இங்கே 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் காப்புரிமைச் சட்டம். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது பத்திரிகைக்காக எடுத்த படம் என்றால், பத்திரிகையில் அச்சிடுகிற உரிமை முதலாளிக்கு, மற்ற உரிமை எடுத்தவருக்கு. பலர் 'எல்லாம் பத்திரிகைக்காரனுடையது' என்று பயந்து பெட்டியைத் திறக்காமலே இருக்கிறார்கள், அப்படி இல்லை. ஆனால் யாராவது காசு கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு எடுக்கச் சொன்ன படம் என்றால் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. ஆக உங்கள் மாமனாரின் கல்யாணப் படங்கள் கல்யாண வீட்டுக்குச் சொந்தமாக இருக்கலாம், கூலிக்கு வேலை பார்த்த காலத்தில் அவராகப் போய் எடுத்த தெருப் படங்கள் அவருடையவை. வெளிவந்த படத்துக்கு அந்த வருஷ முடிவிலிருந்து 50 ஆண்டு. வெளிவராமலே கிடந்தால் எடுத்த வருஷ முடிவிலிருந்து 50. 1979-க்கு முந்தைய படங்களுக்குப் பழைய 1965 சட்டமும் குறுக்கே வரும், ஏதாவது நிறுவனத்திடம் கொடுக்கிறதாக இருந்தால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காகிதத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கொடுப்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. தானமாகக் கொடுப்பது வேறு, பாதுகாக்கக் கொடுத்து வைப்பது வேறு. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, டர்பன் ஊருக்குள் இந்தியர் வரலாற்றுக்கான 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் போய்ப் பேசுங்கள். ஆனால் உங்களிடம் ஒரு முழுப் பிரதி இல்லாமல் யாரிடமும் எதையும் ஒப்படைக்காதீர்கள். 2021 ஏப்ரலில் கேப்டவுன் பல்கலைக்கழக நூலகம் எரிந்ததை மறந்துவிட வேண்டாம், அது கராஜ் இல்லை. தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் எர்னஸ்ட் கோலின் அறுபதாயிரம் நெகட்டிவ் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்து 2017-ல்தான் வெளியே வந்தன, அவர் 1990-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். யார் வைத்தது, யார் வாடகை கட்டியது என்று குடும்பத்துக்கே சரியாகச் சொல்லப்படவில்லை. ஒரு காகிதம் எழுதி வைக்காவிட்டால் இப்படித்தான்.

டோங்காட் டீச்சர்

நம் ஊர் ஆளைச் சொல்லக் கூடாதா தம்பி? இசிபிங்கோ ரஞ்சித் கல்லி. டிரம் பத்திரிகையின் புகைப்படக்காரர். அவருடைய முதல் தனிக் கண்காட்சி ஜோஹானஸ்பர்க்கில் நடந்தது 2004-ல், அப்போது அவருக்கு 79 வயது. அத்தனை வருஷம் அந்தப் படங்கள் வீட்டில்தானே இருந்தன. அவர் இருந்து, வாயால் சொல்லி, பெயர் எழுதிவைக்க முடிந்தது. மருமகளின் மாமனாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சாட்ஸ்வொர்த் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. உறைகளைத் தொடவில்லை, ஒன்றும் தூக்கிப் போடவில்லை. புளிப்பு டின் இரண்டு இருந்தது, இரட்டை உறை போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டேன், மீன் பெட்டியில் இல்லை.

செருப்புப் பெட்டியில் ஒரு பெரிய பிரதி கிடைத்தது. எழுதிக் காட்டுகிறேன், யாராவது சொல்லுங்கள். சந்தை மாதிரி இடம், மேலே இரும்புக் கூரை. ஒரு அம்மா முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டு பக்கமும் மூக்குத்தி. முன்னால் பச்சை மிளகாய் குவியல், முருங்கைக்கீரைக் கட்டு. பின்னால் சிலேட்டில் சாக்பீஸால் விலை எழுதியிருக்கிறது, ஆறு என்று போட்டு பக்கத்தில் ஆங்கில 'டி'. அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நிற்கிற பையனின் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுக்கிறார், பையன் சிணுங்குகிறான். பின்பக்கம் என் மாமனார் கையெழுத்தில் தமிழில் 'வி.தெ. — மிளகாய்க்கார அக்கா' என்று மட்டும்.

மேகசின் பேரக்ஸ் பையன்

வி.தெ. என்றால் விக்டோரியா தெரு. அது பழைய மார்க்கெட், 1973-ல் எரிந்தது. ஆக அதற்கு முன்னால்.

'ஆறு டி' என்றால் ஆறு பென்ஸ், சிக்ஸ்பென்ஸ். பவுன், ஷில்லிங், பென்ஸ் போய் ரேண்ட் வந்தது 1961 பிப்ரவரி 14. ஆகவே அதற்கும் முன்னால்.

இருட்டறை

ஐயா, ரேண்ட் வந்த மறுநாளே எல்லோரும் சிலேட்டை அழித்திருப்பார்களா? ஒன்றிரண்டு வருஷம் பழைய காசிலேயே பேசியிருப்பார்களே. நெகட்டிவ் இருக்கிறதா பாருங்கள் மருமகளே, பிலிம் ஓரத்தில் எந்த வகை என்று அச்சிட்டிருக்கும், அதையும் வைத்துச் சுருக்கலாம். உதாரணத்துக்கு, கோடாக் டிரை எக்ஸ் பிலிம் 35 மில்லிமீட்டரில் வந்ததே 1954-ல்தான்.

மேகசின் பேரக்ஸ் பையன்

பேசினார்கள்தான், என் ஆயா சாகிற வரைக்கும் ஷில்லிங்கில்தான் பேசினார். ஆனால் விலைப்பலகையை மார்க்கெட் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பான் தம்பி. சரி, 1961 சுமார் என்று போடுங்கள், சண்டை வேண்டாம்.

அந்த முக்காலி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மிளகாய்க்கார அக்கா என்று எங்கள் மேகசின் பேரக்ஸில், அந்த முனிசிபாலிட்டி தொழிலாளர் குடியிருப்பில், ஒரு பெண்ணைச் சொல்வார்கள். முனிசிபாலிட்டியில் குப்பை வண்டி ஓட்டியவரின் மனைவி, காலையில் நாலு மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்குப் போவார். அறுபதுகளில் பேரக்ஸை இடித்தபோது அவர்களும் எங்களை மாதிரியே சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். மருமகளே, படத்தை இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்பு. அந்தப் பையன் அவர் மகனாக இருந்தால் எனக்குத் தெரியும், இப்போது அவனுக்கும் எழுபது தாண்டியிருக்கும், அவனைக் கேட்காமல் ஊருக்குக் காட்டுவது சரியில்லை.

டோங்காட் டீச்சர்

ஸ்கேனர் ஒன்றும் வாங்காமலேயே ஒரு படத்துக்கு இடம், காலம், வேலை, கிட்டத்தட்ட ஆள் எல்லாம் வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள் இருட்டறைத் தம்பி.

இருட்டறை

ஒப்புக்கொள்கிறேன் டீச்சரம்மா. அப்படியானால் நடுவழி ஒன்று சொல்கிறேன். நல்ல ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு வெளிச்சப் பலகை வாங்குங்கள், அல்லது டேப்லெட்டில் வெள்ளைத் திரை வைத்து அதற்கு மேலே ஒரு வெள்ளை அக்ரிலிக் துண்டை இரண்டு விரல் உயரத்தில் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். நெகட்டிவ் துண்டை அதன்மேல் வைத்து போனில் படம் எடுங்கள், நிறத்தைத் தலைகீழாக்குங்கள். ஒரு உறைக்கு ஒரு படம், உறையின் எழுத்தும் அதே படத்தில் விழட்டும். ஒவ்வொரு உறைக்கும் ஒரு எண், பெட்டி எண் முதலில், உறை எண் பிறகு. அந்த எண்தான் கடைசி வரைக்கும், பெயரை எண்ணாக்காதீர்கள், பெயர் மாறும். உறையில் எழுதுவதென்றால் மென்மையான பென்சில், பால்பாயின்ட் கூடவே கூடாது. இதை ஏ4 தாளில் பெரிதாக அச்சடித்துப் பெரியவர்களிடம் கொண்டு போங்கள். தாள் கிழிந்தால் கிழியட்டும், காபி கொட்டினால் கொட்டட்டும்.

நல்ல ஸ்கேன் அதற்குப் பிறகு, யார் என்று தெரிந்த படத்திலிருந்து. 35 மில்லிமீட்டரை அங்குலத்துக்கு 4000 புள்ளி வைத்து, கறுப்பு வெள்ளை 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால் ஒரு படம் சுமார் 43 எம்பி. உங்கள் ஒன்பதாயிரத்துக்கும் 400 ஜிபிக்குள் அடங்கும், ஒரு டெரா டிஸ்க் மூன்று வாங்கி ஒன்றை வேறு வீட்டில் வைத்தால் போதும். ஸ்கேனரில் தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி இருக்கும், கறுப்பு வெள்ளை பிலிமில் அதை அணைத்துவிடுங்கள். படத்தை உண்டாக்கியிருக்கிற வெள்ளித் துகளைத் தூசி என்று நினைத்து முகத்தையே நக்கிவிடும். புது உறை வாங்கினால் பிவிசி வேண்டாம், பாலியஸ்டர் அல்லது அமிலமில்லாக் காகிதம். பழைய உறையைப் புது உறையோடு சேர்த்தே வையுங்கள், ஃபீனிக்ஸ் அண்ணனின் சாபம் நமக்கு வேண்டாம்.

ஃபீனிக்ஸ்காரன்

என் நானூறையும் கொண்டு வரலாமா? உறை இல்லாவிட்டாலும் முகம் இருக்கிறதே.

சாட்ஸ்வொர்த் மருமகள்

கொண்டு வாருங்கள் அண்ணே.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது தாள் அச்சடித்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போனேன், அன்னதானம் முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற நேரம். முதல் அரைமணி நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை எடுத்துவரவில்லை என்றார்கள். பிறகு ஒரு பாட்டி ஒரு தாளை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் ஓரத்தில் இருந்த ஹார்மோனியத்தைப் பார்த்து, 'இது எங்கள் வீட்டுப் பெட்டி, ஒரு கட்டை வேலை செய்யாது' என்றார். அதிலிருந்து நாடகம், நாடகத்திலிருந்து நடித்தவர்கள், நடித்தவர்களில் யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பது வரை வந்துவிட்டது. டீச்சரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். நாற்பதில் இருபத்தாறு படத்துக்குப் பெயர் கிடைத்தது. இரண்டு படத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னார்கள், இரண்டையும் எழுதி, சொன்னவர் யார் என்றும் எழுதியிருக்கிறோம்.

ஒரு தாளை மட்டும் ஒரு தாத்தா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போலீஸ் வண்டியில் ஏற்றுகிற படம் அது. அவருடைய அண்ணன் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த உறையில் 'கேட்டுவிட்டுத்தான்' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

மிளகாய்க்கார அக்காவின் மகன் கிடைத்துவிட்டார். பேரக்ஸ் ஐயாதான் அழைத்து வந்தார். தன் சட்டைப் பையிலிருந்து அம்மா எடுத்தது ஒரு தக்காளி, விற்க வைத்திருந்ததைத் தான் திருடியது என்றார். அழுதார், அப்புறம் இரண்டு பிரதி கேட்டார்.

ஜோபர்க் அண்ணே, உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு உறையில் என் மாமனார் தமிழில் இப்படி எழுதியிருக்கிறார்: 'கல்யாணம், ஐந்து படம் கொடுத்தேன், தருகிறேன் என்றார், காசு வரவில்லை.' கல்யாண வீட்டார் பெயரும் இருக்கிறது, பேரன்கள் இங்கேதான் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். இந்தப் படம் இப்போது யாருடையது?

ஜோபர்க் குமாஸ்தா

'தருகிறேன் என்றார்' என்று உங்கள் மாமனாரே எழுதிவைத்துவிட்டாரே. ஒப்புக்கொண்டாலே போதும் என்பதுதான் சட்டம், ஆக 50 ஆண்டு இன்னும் தாண்டவில்லை என்றால் உரிமை அவர்களுக்கு. நெகட்டிவ் துண்டு உங்களுக்கு. காசு இன்னும் பாக்கி.

மேகசின் பேரக்ஸ் பையன்

பவுனில் வாங்கு மருமகளே, ரேண்டில் வாங்காதே.